இடப்படாத கையெழுத்து

தொழில் பண்பு குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்

திறமையும் பண்பும்

தொழில் என்ற சொல் பிழைப்புக்காகச் செய்யும் எந்த வேலையையும் குறிக்கும் பொதுச்சொல்லே ஆயினும், மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்குத் தணிக்கை, மருந்தாக்கம் போன்ற துறைகளைச் சுட்டும்போது அது மேலும் ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. நெடுங்காலப் பயிற்சியால் மட்டுமே கைவரும் அறிவு ஒருவரிடம் இருக்கிறது; அந்த அறிவில்லாத மற்றவர் தம் உடலையோ உடைமையையோ அவரிடம் ஒப்படைக்கிறார்; ஒப்படைத்தவரால் நடந்த வேலை சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க இயலாது. இந்த மூன்று நிலைமைகளும் ஒருங்கே அமைந்த வேலையையே இவ்வுரை தொழில் என்று குறிப்பிடுகிறது. காய்கறி வாங்குகிறவர் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துச் சொத்தையை ஒதுக்கிவிடலாம். மருந்துச் சீட்டோடு கடைக்கு வருகிறவரால் மாத்திரையைப் புரட்டிப் பார்த்து எதையும் அறிய முடியாது.

அந்த இயலாமையை ஈடுகட்டுவதற்காகவே சமுதாயம் கையெழுத்து என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற ஒருவர் ஒரு தாளின் அடியில் தம் பெயரை எழுதும்போது, சோதிக்க இயலாத ஒருவரின் சார்பில் தாம் சோதித்துவிட்டதாக உறுதி கூறுகிறார். மருந்தின் தரச் சான்று, கட்டட வரைபடம், தணிக்கை அறிக்கை, பிணக்கூறாய்வுக் குறிப்பு ஆகிய அனைத்தும் இவ்வகை உறுதிமொழிகளே. இவற்றை நம்பித்தான் பாலத்தின் மேல் பேருந்து ஓடுகிறது. இவற்றை நம்பித்தான் தாய் குழந்தைக்கு மருந்து புகட்டுகிறாள்.

திறமை என்பது ஒரு வேலையைச் செய்யத் தெரிந்திருத்தல். நடத்தை என்பது பிறர் காணும்படி நடந்துகொள்ளுதல். பண்பு என்பது பிறர் காணாத இடத்திலும், பிறர் அவசரப்படுத்தும் இடத்திலும் மாறாமல் நிற்கும் இயல்பு. நேரந்தவறாமை, கனிவான பேச்சு, சீரான உடை ஆகியவற்றைத் தொழில் பண்பாகக் கருதும் வழக்கம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. அவை வேண்டியவையே, ஆயினும் அவை நடத்தையின் பாற்பட்டவை. அறியாததை அறிந்ததாகக் காட்டிக் கையெழுத்திட மறுக்கும் உறுதியே தொழில் பண்பின் உயிர்நிலை என்பது இவ்வுரையின் கருத்து. அதை விளக்குவதற்கு, அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்றில் 1960ஆம் ஆண்டு ஒரு மேசைக்கு வந்த கோப்பின் வரலாறு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சட்டம் கேளாத கேள்வி

அக்கோப்பின் வரலாறு 1937இல் தொடங்குகிறது. கிருமித் தொற்றுக்குச் சிறந்த மருந்தாக அப்போது விளங்கிய சல்பானிலமைடைக் குழந்தைகளும் எளிதில் பருகும்படி நீர்ம வடிவில் விற்க விரும்பிய ஓர் அமெரிக்க நிறுவனம், அதை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் கரைத்து, இனிப்பும் பழச்சுவையும் சேர்த்துச் சந்தைக்கு அனுப்பியது. டைஎத்திலீன் கிளைக்கால் என்பது நிறமற்ற, சற்றே இனிக்கும், தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ஒரு நஞ்சு. உடலுக்குள் சென்றால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சுவையும் மணமும் தோற்றமும் அந்நிறுவனத்தில் சோதிக்கப்பட்டன, நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

அன்றைய சட்டப்படி, சோதிக்காத மருந்தை விற்பது குற்றமாக இருக்கவில்லை. ஆல்கஹால் கலந்த மருந்துக்கே ‘எலிக்சிர்’ என்ற பெயர் பொருந்தும் என்பதாலும், இம்மருந்தில் ஆல்கஹால் இல்லாமலேயே அப்பெயர் ஒட்டப்பட்டிருந்தது என்பதாலும், தவறான பெயரிட்ட குற்றத்துக்காகவே அரசு அதைப் பறிமுதல் செய்ய முடிந்தது. சட்டம் கேளாத கேள்வியைத் தொழிலறிந்தவர் தாமே கேட்டிருக்க வேண்டும் என்பதும், அவர் கேளாதபோது அவர் பெற்ற கல்வியால் எவருக்கும் பயனில்லை என்பதும் இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடங்கள். அடுத்த ஆண்டே, 1938இல், ஒரு மருந்து தீங்கற்றது என்பதை விற்பனைக்கு முன்பே காட்ட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது.

அந்த நஞ்சை ஆராய்ந்து அடையாளம் காணும் பணியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்று ஈடுபட்டிருந்தது. அங்கே உதவிய ஆய்வு மாணவி, கனடாவில் 1914இல் பிறந்த பிரான்சிஸ் ஓல்டம். திருமணத்துக்குப் பின் பிரான்சிஸ் கெல்சி என்று அறியப்பட்டவர். மருந்தியலில், அதாவது மருந்துப் பொருள் உடலில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஆராயும் அறிவியலில், 1938இல் முனைவர் பட்டமும், 1950இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். உலகப் போர்க்காலத்தில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தபோது, வளர்ந்த முயலின் உடல் குயினைனைச் சிதைத்து வெளியேற்ற வல்லதாயிருக்க, கருவிலிருக்கும் முயலுக்கு அந்த ஆற்றல் இல்லை என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் கண்டனர். தாய்க்குத் தீங்கு செய்யாத மருந்து கருவுக்கும் தீங்கு செய்யாது என்று கொள்ள இயலாது என்ற அறிவு அவருக்கு இவ்வாறு அனுபவத்திலேயே அமைந்தது.

அறுபது நாட்கள்

1960 ஆகஸ்டில் அவர் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியேற்றார். மருந்து நிறுவனங்கள் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, மருந்து தீங்கற்றது என்பதற்குப் போதிய சான்று உள்ளதா என்று முடிவு செய்வது அவருடைய வேலை. அடுத்த மாதமே ‘கெவடான்’ என்ற பெயரில் ஒரு தூக்க மருந்துக்கான விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. தாலிடோமைட் என்பது அதன் பொதுப்பெயர். மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் மருத்துவர் சீட்டே இல்லாமல் விற்கப்பட்டதும், பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் பரவியிருந்ததும், கருவுற்ற பெண்களின் காலைநேரக் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டதுமான அம்மருந்தை ஒப்புக்கொள்வதில் சிக்கல் எதுவும் இராது என்று அலுவலகத்தில் கருதப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழகிக்கொள்ள ஏற்ற எளிய கோப்பு என்ற எண்ணத்திலேயே அது அவரிடம் வந்தது.

அன்றைய விதியின்படி, விண்ணப்பம் வந்து 60 நாட்களுக்குள் நிர்வாகம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் மருந்து தானாகவே விற்பனைக்கு வந்துவிடும். வாளாவிருத்தலே சம்மதமாக எண்ணப்படும் அந்த ஏற்பாட்டில், தவறு செய்வதற்கு எவரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. வேலைப் பளுவில் ஒரு கோப்பைப் படிக்காமல் விட்டாலே போதும். எனவே கெல்சியும், அவருடன் அதைப் படித்த மருந்தியலாளர் ஜிரோ ஓயாமாவும், வேதியியலாளர் லீ கெய்ஸ்மரும் நாட்காட்டியைப் பார்த்தபடியே அக்கோப்பைப் படிக்க வேண்டியிருந்தது.

அவர்கள் கண்ட குறைகள் வெளிப்பார்வைக்குச் சிறியவை. மருத்துவர்கள் எழுதியிருந்த அறிக்கைகளில் பல, அளந்து பதிவு செய்த ஆய்வுகளாக இல்லாமல் பாராட்டுரைகளாக இருந்தன. மனிதரைத் தூங்க வைக்கும் அம்மருந்து ஆய்வு விலங்குகளைத் தூங்க வைக்கவில்லை. அப்படியானால் அது விலங்கின் உடலிலும் மனித உடலிலும் ஒரே விதமாகச் செயற்படவில்லை என்றாகிறது, விலங்குகளுக்குத் தீங்கு நேரவில்லை என்ற சான்று மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயமும் எழுகிறது. மருந்து உடலில் எவ்வாறு உறிஞ்சப்படுகிறது என்பதற்கும் போதிய விளக்கம் இல்லை. விண்ணப்பம் முழுமையற்றது என்று காரணம் காட்டி அவர் அதைத் திருப்பியனுப்பினார். விண்ணப்பித்த நிறுவனம் கூடுதல் தாள்களுடன் மீண்டும் அனுப்பியபோது 60 நாட்கள் புதிதாகத் தொடங்கின. மீண்டும் குறைகள் சுட்டப்பட்டன.

இதற்கிடையில், 1960 டிசம்பர் 31ஆம் நாளிட்ட பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லெஸ்லி ஃபுளோரன்ஸ் என்ற மருத்துவர் ஒரு சிறு கடிதம் எழுதியிருந்தார். நெடுநாள் தாலிடோமைட் உட்கொண்ட தம் நோயாளிகள் சிலருக்குக் கைகால்களில் மதமதப்பு ஏற்பட்டதாகவும், அதற்கு அம்மருந்தே காரணமாக இருக்கலாம் என்றும் அக்கடிதம் கூறியது. அடுத்த சில வாரங்களில் அது கெல்சியின் கண்ணில் பட்டது. நரம்பைத் தாக்கும் ஒரு மருந்து வயிற்றிலிருக்கும் கருவை என்ன செய்யும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். முயல்களில் கண்ட உண்மை அந்தக் கேள்வியை எழுப்பியது. கருவுற்ற காலத்தில் இம்மருந்து தீங்கற்றது என்பதற்குச் சான்று காட்டும்படி 1961 மே மாதம் நிறுவனத்துக்கு எழுதினார். அச்சான்று வரவில்லை.

அதற்குப் பதிலாக வந்தது நெருக்கடி. கடிதங்கள், தொலைபேசி அழைப்புகள், நேர்ச் சந்திப்புகள் என ஏறத்தாழ 50 முறை நிறுவனத்தார் அவரையும் அவர் மேலதிகாரிகளையும் அணுகினர். வீண் தாமதம் செய்கிறார் என்று மேலிடத்தில் முறையிட்டனர். அவர் வெகுண்டு பேசியதாகவோ, செய்தியாளர்களிடம் சென்றதாகவோ வரலாறு இல்லை. எது தெரியவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் எழுத்தில் தெரிவித்தார். அது தெரியும் வரை ஒப்புதல் அளிக்கவில்லை. மேலதிகாரிகளும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. கீழே இருப்பவரின் உறுதி மேலே இருப்பவரின் துணையின்றி நெடுநாள் நிற்பது அரிது என்பதால், அவர்களுடைய நிலையும் தொழில் பண்பின் பகுதியாகவே எண்ணத்தக்கது.

முன்னறிவும் நேர்மையும்

1961 நவம்பரில் ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ், கைகால்கள் வளராமல் பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் கருவுற்ற தொடக்க வாரங்களில் தாலிடோமைட் உட்கொண்டிருந்ததைக் கண்டறிந்து எச்சரித்தார். அம்மாத இறுதியில் ஜெர்மனியில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. 1962 மார்ச்சில் அமெரிக்க விண்ணப்பமும் திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் அம்மருந்தால் ஊனமுற்றுப் பிறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. பிறக்கும் முன்பும் பிறந்த உடனும் இறந்தவர்கள் இன்னும் பலர். கரு வளர்ச்சியின் குறிப்பிட்ட சில நாட்களில் உட்கொண்ட ஒற்றை மாத்திரையே அக்கேட்டுக்குப் போதுமானதாயிருந்தது.

இங்கே ஓர் உண்மையை அழுத்திக் கூற வேண்டும். கெல்சி முதன்முறை கோப்பைத் திருப்பியனுப்பியபோது, அம்மருந்து குழந்தைகளை ஊனமாக்கும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. உலகில் எவரும் அப்போது அதை உறுதியாக அறிந்திருக்கவில்லை. அவரை வருவதறிந்தவராகப் புகழ்வது அவருடைய செயலின் தன்மையை மறைத்துவிடும். தீங்கு இருப்பதாகத் தெரியவில்லை என்பதும், தீங்கு இல்லை என்று தெரியும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதை அவர் மறக்கவில்லை. முதற்கூற்றை இரண்டாவதாக மாற்றி எழுதித் தரும்படி கேட்டபோது மறுத்தார். அவர் செய்தது அவ்வளவே. முன்னறியும் ஆற்றல் எவரிடமும் எதிர்பார்க்கக்கூடியது அன்று. இந்த மறுப்போ, படித்துப் பயிற்சி பெற்ற ஒவ்வொருவராலும் இயலக்கூடியது.

அமெரிக்காவிலேயே இதற்கு மாறான காட்சியும் இருந்தது. ஒப்புதல் கிடைக்கும் முன்னரே, ஆய்வு என்ற பெயரில், 1,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் வழியாக ஏறத்தாழ 25 லட்சம் மாத்திரைகள் சுமார் 20,000 நோயாளிகளுக்கு வழங்கப்பட்டிருந்தன. மருந்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தபோது, யாருக்கு எத்தனை கொடுத்தோம் என்ற பதிவே பல மருத்துவர்களிடம் இல்லை. சோதனை நிலையில் இருக்கும் மருந்தையே தாங்கள் விழுங்குகிறோம் என்பது நோயாளிகள் பலருக்குச் சொல்லப்படவில்லை. அமெரிக்காவில் 17 குழந்தைகள் அம்மருந்தால் பாதிக்கப்பட்டுப் பிறந்தனர். அம்மருத்துவர்கள் தீயவர்கள் அல்லர். பலர் ஊரில் நற்பெயர் உடையவர்களாகவே இருந்திருப்பர். கையில் கொடுக்கப்பட்ட மாத்திரையைக் குறித்துக் கேட்க வேண்டியதைக் கேளாமலும், எழுத வேண்டியதை எழுதாமலும் விட்டதே அவர்களுடைய குறை.

பதவியும் பண்பும்

கையெழுத்திட மறுக்கும் உறுதி உயர்பதவியில் இருப்போருக்கே உரியது என்ற எண்ணத்தை, அதே காலத்தின் மற்றொரு நிகழ்ச்சி மாற்றுகிறது. கெவடானுக்கு விண்ணப்பித்த அதே நிறுவனம், இரத்தக் கொழுப்பைக் குறைப்பதற்கென்று மெர்-29 என்ற மருந்தை உருவாக்கி வந்தது. அதன் ஆய்வகத்தில் குரங்குகளைக் கவனித்து எடையைக் குறித்துவந்த ஒரு பெண் ஊழியரிடம், உண்மைக்கு மாறாகப் பதிவை மாற்றும்படி கூறப்பட்டது. அவர் மாற்றப்பட்ட பதிவில் கையெழுத்திட மறுத்து, வேலையை விட்டு விலகினார். அம்மருந்து 1960இல் ஒப்புதலும் பெற்று, உட்கொண்டவர்களில் பலருக்குக் கண்புரையை உண்டாக்கியது. பின்னர் அந்த ஊழியரின் கணவர், வண்டியில் தம்முடன் பயணித்த மருந்து நிர்வாக ஆய்வு அதிகாரி ஒருவரிடம் இதைக் கூற நேர்ந்ததால் விசாரணை தொடங்கி, பொய்ப் பதிவுகள் வெளிப்பட்டு, 1962இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. முனைவர் பட்டமோ அதிகாரமோ இல்லாத ஒருவர், தாம் அளந்த எடையைப் பொய்யாக்க மறுத்து, கற்றறிந்தோர் பலர் செய்யத் தவறியதைச் செய்தார்.

மறுபுறம், ஒருமுறை நன்மை செய்தவரிடம் பண்பு என்றும் தங்கிவிடும் என்று கொள்வதற்கும் இல்லை. லென்ஸுக்கு இணையாக, ஆஸ்திரேலியாவிலிருந்து தாலிடோமைட் ஆபத்தை 1961இல் உலகுக்கு அறிவித்த வில்லியம் மெக்பிரைட், பெரும்புகழ் பெற்ற பிறகு வேறொரு மருந்தைப் பற்றிய ஆய்வில் தரவுகளை மாற்றியதாகக் கண்டறியப்பட்டு, 1993இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார். அடுத்த தாளில் கையெழுத்திடும்போது பழைய புகழ் துணைக்கு வராது. ஒவ்வொரு தாளையும் அன்றே புதிதாகப் படித்தாக வேண்டும்.

மறுப்பும் இழுத்தடிப்பும்

இவ்விடத்தில் ஒரு தடை எழக்கூடும். கையெழுத்திடாமல் இருப்பதே பண்பு என்றால், கோப்பைக் கிடப்பில் போடும் அலுவலர்கள் அனைவரும் பண்பாளர் ஆகிவிடுவரே என்று கேட்கலாம். முதியோர் ஓய்வூதியத்துக்கும் பட்டா மாறுதலுக்கும் மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இக்கேள்வியின் வலி நன்கு தெரியும். இழுத்தடிப்பவர் காரணம் சொல்வதில்லை. சொன்னாலும் எழுதித் தருவதில்லை. எதைக் கொண்டுவந்தால் வேலை முடியும் என்பதை மறைத்து வைத்துக்கொள்கிறார். கெல்சி குறித்த காலத்துக்குள் படித்தார், காரணத்தை எழுதினார், எந்தச் சான்று வந்தால் ஒப்புதல் தரலாம் என்பதைத் தெளிவாகக் கூறினார். முன்னவர் தம் நலத்துக்காகத் தாமதிக்கிறார். பின்னவர் மருந்தை விழுங்கப்போகும் முகமறியாத ஒருவருக்காகத் தாமதித்தார். அதே தாலிடோமைட், தொழுநோயாளிகளுக்கு ஏற்படும் கடும் வீக்க எதிர்வினைக்கு மருந்தாகும் என்பதற்குச் சான்று கிடைத்தபோது, கருவுற்றோரை எட்டாதபடி கடுங்கட்டுப்பாடுகளுடன் 1998இல் அதே நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

1962 ஆகஸ்ட் 7ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கெல்சிக்குச் சிறந்த அரசுப் பணிக்கான விருதை அளித்தார். அப்பெருமை ஓயாமாவுக்கும் கெய்ஸ்மருக்கும் உரியது என்பதை கெல்சி எடுத்துக்கூறி வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் வந்த சட்டத்திருத்தம், மருந்து பயன் தரும் என்பதற்கும் சான்று வேண்டும் என்றும், சோதனை மருந்தை உட்கொள்வோரின் அறிந்த ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் விதித்தது. 60 நாள் வாளாவிருத்தல் இனிச் சம்மதமாகாது என்றும் ஆக்கியது. கெல்சி தம் 90ஆவது வயதில், 2005இல் ஓய்வு பெற்று, விருது பெற்ற அதே ஆகஸ்ட் 7ஆம் நாளில், 2015இல், 101ஆவது வயதில் காலமானார்.

அருகிலிருக்கும் மேசை

இவ்வரலாறு தொலைநாட்டுக் கதையாக முடிந்துவிடவில்லை. 1937இல் அமெரிக்கக் குழந்தைகளைக் கொன்ற அதே டைஎத்திலீன் கிளைக்கால், 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட ஓர் இருமல் மருந்தில் இருப்பதைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் அம்மருந்தைப் பருகிய குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இருமல் மருந்தில் கரைப்பானாகச் சேரும் புரோப்பிலீன் கிளைக்காலும் இந்நஞ்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வகச் சோதனை மட்டுமே இரண்டையும் வேறுபடுத்தும். அந்தச் சோதனை எந்தப் புதுமையான அறிவையும் வேண்டுவது அன்று. பீப்பாய் வந்திறங்கும்போது ஒருமுறை, மருந்து உருவானபின் ஒருமுறை, பொறுப்புள்ளவர் மாதிரியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். நல்ல பதிவேடு என்பது நடந்த சோதனையின் நிழல். சோதனை நடக்காதபோது அதில் இடும் கையெழுத்து, அதை நம்பும் தாயிடம் சொல்லப்படும் பொய்.

ஆகவே தொழிற்கல்வி பயிலும் இளைஞர்களுக்கும், அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களுக்கும், மருந்தாக்கக் கூடங்களிலும் ஆய்வகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் நாள்தோறும் தம் பெயரை எழுதும் ஒவ்வொருவருக்கும் இவ்வுரை விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. தாளைப் படித்து முடிக்கும் வரை பேனாவைத் திறக்க வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதித் தரத் தயங்க வேண்டாம். கீழே பணிபுரியும் ஒருவர் அவ்வாறு எழுதித் தரும்போது அவரைக் கைவிட வேண்டாம். கரண்டியில் ஊற்றிய மருந்துக்காக வாய் திறக்கும் குழந்தைக்கு எந்தக் கோப்பையும் படிக்கத் தெரியாது. அதற்காகப் படிக்க வேண்டியவர் கையெழுத்திடுபவரே.